தன் பெயரை எழுதிக்கொள்ளாத மூப்பர்

தேவநேசனின் மனைவி லில்லி அக்கா போன் செய்தபோது நான் செய்திக்காக ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகத்தில் இருந்தேன். திங்கட்கிழமை மனு கொடுக்க வந்தவர்களின் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. "தம்பி, அவரு போய்ட்டாரு," என்றார். குரலில் அழுகை இல்லை. மூன்று மாதமாக எதிர்பார்த்த செய்திதான். பிறகு சொன்னார்: "போஸ்டர் அடிக்கறேன்னு சபை செக்ரட்டரி வந்து நிக்கறாரு. தன்னை மூப்பர்னு போடக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

நான் போய்ச் சேர்வதற்குள் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. 'கீழ்ப்படிதலின் முன்மாதிரி, எங்கள் அன்பு மூப்பர் தேவநேசன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சபைக் குழுவின் பெயர். மூன்று வருடங்களுக்கு முன் அவரை மூப்பர் பதவியிலிருந்து நீக்கியதும் இதே குழுதான். போஸ்டரில் பசை இன்னும் காயவில்லை.

தேவநேசனை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். நினைவு மலருக்கு "நல்லதா நாலு வரி" வேண்டும் என்று செயலர் கேட்டார். நாலு வரி எழுதி ஒருமுறை பெரும் தவறு செய்தவன் நான். ஆகவே இது நீளமாகத்தான் இருக்கும். மலரில் போட மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். வேறு இடத்தில் வரும்.

அவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, பெயரும் இங்கே தேவையில்லை. வேலை முடிந்த பிறகு அவருடைய நேரமெல்லாம் சபைக்கு. திருவிருந்துப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியார் படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன். அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை, மறுநாள் பந்தியில் சேர விரும்புகிறவர்கள் கோயிலை ஒட்டிய சின்ன அறைக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். மூப்பர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: மனதில் யார் மேலாவது கசப்பு உண்டா? "இல்லை" என்றால் எழுதுவார். எல்லாரும் "இல்லை" என்றுதான் சொல்வோம். தேவநேசன் வருவதற்கு முன் அது ஒரு சடங்கு. அவர் அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டார்.

ஒரு சனிக்கிழமை நான் பெஞ்சில் காத்திருந்தபோது சரோஜா என்ற பெண்மணி முறை வந்தது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அவருக்கும் கொழுந்தன் மனைவியான ஓர்ப்படிக்கும் ஒரு மாதமாகப் பேச்சு இல்லை.

"யார் மேலயாவது கசப்பு இருக்கா?"

"இல்லீங்க மூப்பரே."

"வெளில நிக்குதே, உன் ஓர்ப்படி. அது மேல?"

"அவ மேல கசப்பு இன்னா கசப்பு? மூஞ்சியப் பாத்தா ஆவாது, அவ்ளோதான்."

தேவநேசன் பேனாவை மூடிவிட்டார். "ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கினு வாங்க. சேந்து வந்தா ரெண்டு பேரு, தனியா வந்தா ஒருத்தரும் இல்ல."

அரை மணி நேரம் கழித்து இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்காமல் இரண்டு பெயர்களையும் எழுதினார். பிறகு என்னிடம் சொன்னார்: "மனசு மாறட்டும், அப்புறம் போறேன்னு ஒக்காந்தா ஒருத்தனும் போவ மாட்டான் தம்பி. கை முதல்ல போவணும். மனசு பின்னாடி இழுத்துக்கினு வரும்." இதைச் சொன்னபோது, இந்த வார்த்தை தனக்கு எதிராகத் திரும்பும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தொழிற்சாலையில் ஆசீர்வாதம் என்ற தொழிலாளியின் வலது கை போனது. தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டும் இயந்திரத்தில் சிக்கி, முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆசீர்வாதமும் நம் சபைக்காரர். நான் மருத்துவமனைக்குப் போனபோது வாசலில் தேவநேசன் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் ரத்தம். "இன்னா ஆச்சு?" என்றேன். "குடிச்சிட்டு வந்துட்டான் தம்பி," என்றார். அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. சொன்னவர் தேவநேசன், இரண்டாவது ஆளைக் கேட்பது அவரை அவமதிப்பது போலத் தோன்றியது. மறுநாள் எங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வந்தது. போதையில் வேலைக்கு வந்த தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கியது என்று. யார் சொன்னார்கள் என்றுகூட எழுதவில்லை. நடந்ததை நேரில் பார்த்தவன் போல எழுதியிருந்தேன்.

கம்பெனி ஆசீர்வாதத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது வேறு கதை. இங்கே சொல்ல வேண்டியது நம் சபைக் குழு செய்தது. குடிகாரரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கும் ஒழுங்கு உண்டு அல்லவா? ஆசீர்வாதத்தின் வீட்டுக்குப் போய் ஒருவரும் விசாரிக்கவில்லை. என் நாலு வரியைக் கத்தரித்து மேசைமேல் வைத்துப் பேசினார்கள். தீர்மானம் போட்டார்கள். பதிவேட்டில் அவர் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தவர் தேவநேசன்.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆசீர்வாதம் வந்தார். சட்டையின் வலது கை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

"பேரு எழுதுங்க மேஸ்திரி."

"கமிட்டி தீர்மானம் இருக்குது ஆசீர்வாதம்."

"தீர்மானம் இருக்கட்டும். கசப்பு இருக்கான்னு கேப்பீங்களே, அதையாவது கேளுங்க."

தேவநேசன் குனிந்துகொண்டே இருந்தார். ஆசீர்வாதம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். குடிகாரனுக்கு எவ்வளவு திமிர் என்று நான் நினைத்தேன். அடுத்து என் முறை. கசப்பு உண்டா என்று கேட்டார். "இல்லை" என்றேன். எழுதிக்கொண்டார்.

எல்லாரும் கொடுத்து முடித்த பிறகு ஆயர் வழக்கப்படி மூப்பரைக் கேட்டார். "என் பேரு வேணாம் ஐயா," என்றார் தேவநேசன். அன்று முதல் சாகும் வரை அவர் பந்தியில் சேரவில்லை. பாத்திரங்களைத் துலக்கி வைப்பார், வெள்ளைத் துணியை விரிப்பார், மற்றவர்கள் முழங்காலில் நிற்க உதவுவார். தன் பெயரை மட்டும் எழுதிக்கொள்ள மாட்டார். நீங்கள் அதைத் தாழ்மை என்று சொன்னீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது நான்காவது வருடம். முத்துக்கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில், யாரும் கேட்காமலே சொன்னார்.

"அவன் குடிக்கல தம்பி."

"யாரு?"

"ஆசீர்வாதம். அன்னிக்கு அவன் குடிக்கல. மெஷின்ல கம்பித் தடுப்பு இல்ல. கழட்டச் சொன்னது நான்தான். சரக்கு மறுநாள் கப்பலுக்குப் போவணும், தடுப்பு இருந்தா வேலை நிதானமா ஆவும். இதைச் சொன்னா நான் உள்ள போவணும். வாய்ல முதல்ல வந்தது குடிங்கற வார்த்தை. வந்த வார்த்தைய விட்டுட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்து பேசினார். அன்று முதல் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறார். விடியற்காலம் எழுந்து ஜெபிக்கிறார். ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போகிறார், சிறைக்குப் போகிறார். "ஜெபத்துக்கு ஒக்காந்தா முதல்ல அவன் பேருதான் வருது. அதை ஓரமா வெச்சிட்டு மத்தவங்களுக்கு ஜெபம் பண்றேன். ஆண்டவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நான் அதைத் தவிர எல்லாத்தையும் குடுத்துக்கினு இருக்கேன். இது பக்தி இல்ல தம்பி. பேரம்."

"சபையில எழுந்து சொல்லிடுங்க. நான் பேப்பர்ல எழுதிடறேன்," என்றேன்.

"நீங்க முதல்ல எழுதுங்க. பேப்பர்ல வந்துட்டா எனக்கு வேற வழி இருக்காது. சொல்லித்தான் ஆவணும்."

நீங்கள் சொன்னால் எழுதுகிறேன் என்றேன் நான். நீங்கள் எழுதினால் சொல்கிறேன் என்றார் அவர். இருவரும் நல்ல மனிதர்கள் போலப் பேசிவிட்டு ஆளுக்கொரு பஸ் ஏறினோம். ஐந்து வருடம் போனது. அந்த ஐந்து வருடமும் நான் சனிக்கிழமைகளில் "இல்லை" என்று சொல்லிப் பெயர் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார்.

இதற்கிடையே ஆசீர்வாதம் வருவதை நிறுத்திவிட்டார். முதல் சில வருடங்கள் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து நின்றவர்தான். பிறகு அவர் உண்மையிலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். "பாத்தீங்களா, அப்பவே தெரியும்," என்று உங்களில் சிலர் சொன்னது என் காதில் விழுந்தது.

ஒன்பதாவது வருடம், ஒரு சனிக்கிழமை, அவர் மறுபடி வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அறை முழுக்க நாற்றம்.

"மேஸ்திரி, இப்ப சரியாப் போச்சு. தீர்மானத்துல இருக்கற மாதிரியே வந்திருக்கேன். பாருங்க. இனிமே அது பொய் இல்ல. உங்களுக்கும் பேஜார் இல்ல."

அவரை இரண்டு பேர் வெளியே கொண்டுபோனார்கள். தேவநேசன் பதிவேட்டை மூடிவிட்டு, காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ஆராதனையில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பாவ அறிக்கை முடிந்து, பந்திக்கு எழுந்திருக்கும் முன், அவர் கையிலிருந்த தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டு நம் பக்கம் திரும்பினார். தடுப்பைக் கழற்றச் சொன்னது தான் என்றும், ஆசீர்வாதம் அன்று குடித்திருக்கவில்லை என்றும், பொய் சொன்னது தான் என்றும் சொன்னார். நாலைந்து வாக்கியம்தான். என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செயலர் எழுந்தார். "மூப்பரே, ஆராதனை நடக்குது. பழசைக் கிளறாதீங்க, ஒக்காருங்க."

"அவன் பேரு மேல இருக்கற கோட்டை அழிக்கணும்," என்றார் தேவநேசன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "இப்பதான் குடிக்கறானே மூப்பரே. அப்ப குடிச்சா இன்னா, இப்ப குடிச்சா இன்னா?"

சிலர் சிரித்தார்கள். சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. நானும் எழுந்து "அந்தச் செய்தியை எழுதியவன் நான்" என்று சொல்லவில்லை. ஒருவன் இன்னொருவனுக்காக எழுந்து நிற்க வேண்டிய நேரம் அது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதமே குழு அவரை நீக்கியது. பொய் சொன்னதற்காக அல்ல. ஆராதனைக்கு இடையூறு செய்ததற்காக. கோட்டை அழிக்கவும் இல்லை. ஆசீர்வாதம் இப்போது குடிக்கிறார் என்பதால் தீர்மானம் தொடரும் என்று எழுதினார்கள். தேவநேசன் தொழிலாளர் அலுவலகத்துக்கும் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். கம்பெனியே மூடியாகிவிட்டது, கோப்பு முடிந்துவிட்டது என்றார்கள். நான் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய செய்திக்கா என்று கேட்டார்கள். இரண்டாவது முறை நான் வற்புறுத்தவில்லை. மறுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீக்கிய அன்று மாலை அவர் ஆசீர்வாதத்தின் வீட்டுக்குப் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். ஆசீர்வாதம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேஸ்திரி, ரெண்டு தெருதானே? ஒம்போது வருஷமா நடந்து வந்தீங்க?"

"மன்னிப்பு கேக்க வந்தேன் ஆசீர்வாதம்."

"கேட்டுட்டீங்க இல்ல? கெளம்புங்க." பிறகு என்னைப் பார்த்தார். "ரிப்போர்ட்டர் சார் எதுக்கு வந்திருக்காரு? நாளைக்குப் பேப்பர்ல போடவா?"

நாங்கள் திரும்பினோம். ஆசீர்வாதத்தின் மனைவி மேரி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். தெருமுனையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். மணி எட்டு. தேவநேசன் அவரிடமும் மன்னிப்புக் கேட்டார். "ஆறுலருந்து எட்டு வரைக்கும்தான் அது பிராந்திக் கடைக்குப் போவும். அந்த நேரத்துல நான் வேன்ல இருக்கேன். உங்க மன்னிப்ப வெச்சி நான் இன்னா பண்றது? யாராவது அந்த நேரத்துல கூட ஒக்காந்தா போதும்," என்று சொல்லிவிட்டு மேரி நடந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு தேவநேசன் போனார். ஆசீர்வாதம் கதவைச் சாத்தினார். அடுத்த நாளும் போனார். வாசலில் உட்கார்ந்து எட்டு மணி வேன் வந்த பிறகு எழுந்து வந்தார். எத்தனையாவது நாள் கதவு திறந்தது என்று அவர் சொன்னதில்லை. சில மாதம் கழித்து நான் போனபோது இருவரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் இடது கையால் ஆடப் பழகியிருந்தார். "ரெண்டு கை இருந்தும் தோக்கறீங்களே மேஸ்திரி, இத்தனை நாள் எப்டி மேஸ்திரி வேலை பாத்தீங்க?" என்றார். தேவநேசன் பவுடரைத் தேய்த்துக்கொண்டே, "கண்ணு தெரியல. கண்ணு இருந்தா உன்னை ஜெயிச்சிருப்பேன்," என்றார். மன்னித்தாயா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. மன்னித்தேன் என்று ஆசீர்வாதம் சொல்லவும் இல்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. ஆசீர்வாதம் சில மாதங்கள் குடிக்காமல் இருப்பார். சில நாள் கேரம் பலகையைத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போவார். அப்போது தேவநேசனும் கூடவே நடந்து கடை வாசலில் நிற்பார். கால் வீங்கிய பிறகும் போனார். ஒருநாள் நான் அவரை வீட்டில் கொண்டுவிட்டபோது சொன்னார்: "சபையில எழுந்து சொன்னேன் பாருங்க, அன்னியோட முடிஞ்சிடும்னு நெனச்சேன் தம்பி. ஒரு தடவை கீழ்ப்படிஞ்சா போதும்னு. அப்டி இல்ல. ஆண்டவர் தினம் சாயங்காலம் புதுசாக் கேக்கறாரு. எனக்கும் தினம் முதல்ல 'மாட்டேன்'னுதான் வருது."

கடைசி மாதம் ஆயர் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு அவர் படுக்கைக்கே போனார். நான் அங்கே இருந்தேன். தேவநேசன் கண்ணைத் திறந்து, "ஆசீர்வாதம் பேரு எழுதியாச்சா ஐயா?" என்றார்.

"கமிட்டியில பேசறேன்."

"பேசிட்டு வாங்க."

லில்லி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சாகப் போற நேரத்துல இன்னா வீம்பு இது? வாயத் திறங்க." அவர் திறக்கவில்லை. ஆயர் கிண்ணத்தை மூடி எடுத்துப் போனார். அது ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்ததா, அல்லது பழைய பிடிவாதமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததா என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன். லில்லி அக்கா இன்றும் வீம்பு என்றுதான் சொல்கிறார். அவரோடு வாழ்ந்தவர் அவர். நான் மறுத்துப் பேசவில்லை. குழு பேசவில்லை என்பது மட்டும் உறுதி. பன்னிரண்டு வருடம் பந்திக்கு வெளியே நின்றவர் வெளியே நின்றபடியே போய்விட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியைத் தூக்க ஆசீர்வாதம் இடது தோளைக் கொடுத்தார். செயலர் கையை நீட்டித் தடுத்தார்.

"குடிச்சிருக்கியா?"

ஆசீர்வாதம் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். ஒரு நாற்றமும் இல்லை. "போதுமா? இன்னொரு தடவை ஊதணுமா?" என்றார். அதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டது. வேறு யாரோ தோள் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஆயர் கீழ்ப்படிதலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நீங்கள் அழுதீர்கள்.

செயலர் கேட்ட நல்ல வரி ஒன்று என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் தாமதம். கை போன அன்று ஆசீர்வாதம் குடித்திருக்கவில்லை. நான் எழுதியது பொய். இதை எழுத எனக்கு ஆசிரியரின் அனுமதியோ தேவநேசனின் அனுமதியோ ஒருநாளும் தேவைப்பட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறையப் பேர் வந்திருந்தீர்கள். ஜெபம் முடிந்து காபி கொடுக்கும்போது லில்லி அக்கா பொதுவாகக் கேட்டார்: "ஆறு மணிக்கு அங்க யாரு போறது?" எல்லாரும் டம்ளரைப் பார்த்தீர்கள். நானும் டம்ளரைத்தான் பார்த்தேன். பிறகு "நான் போறேங்க்கா," என்றேன். அன்பினால் சொல்லவில்லை. அந்த அமைதி தாங்கவில்லை, சொன்னேன்.

தேவநேசனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். அவருடைய ஜெபமும் உபவாசமும் எனக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு, நான் குடியிருக்கும் சத்துவாச்சாரியில் பஸ் ஏறுகிறேன். ஆசீர்வாதம் சில நாள் கதவைத் திறக்கிறார். திறந்தால் அதிகம் பேசுவதில்லை; என்னோடு கேரம் ஆட மறுக்கிறார். மேரி வேனிலிருந்து இறங்கியதும் நான் எழுந்துவிடுகிறேன்.

நேற்று நான் போகவில்லை. இங்கே மழை என்று லில்லி அக்காவிடம் போனில் சொன்னேன். சத்துவாச்சாரியில் நேற்று மழை பெய்யவில்லை.